பிரிண்டை நறுக்கி அட்டையில் ஏற்ற: முதல் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் ஒன்பது பத்து நாளில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த இரண்டு நாளில் நீங்கள் எடுத்த படம் ஒன்றை 8க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் பிடித்துப் பார்த்தால் போனில் பார்த்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. இதைச் சுவரில் மாட்டும் நிலைக்குக் கொண்டுவர என்னென்ன கருவி வேண்டும், எதை முதலில் வாங்கலாம், எதற்குப் பணம் போடவே வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் என்பது காகிதம். ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். சேலத்தில் சித்திரை வெயிலில் ஒட்டிய படம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி நுழையும் வீட்டுக்குப் போனால் அதே அளவில் இருக்காது. அது அசைய இடம் விட்டும், வேண்டுமென்றால் சேதமில்லாமல் திரும்ப எடுக்கும்படியும் நாம் ஏற்ற வேண்டும். கீழே நான் பரிந்துரைக்கும் ஒவ்வொரு கருவியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கிளியூர் அருவிக்குப் போகும் வழியில் எடுத்த பனிப்படம் ஒன்றை கெட்டி மில் போர்டில் வைத்து, தச்சுவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையை முதுகு முழுக்கத் தடவி ஒட்டினேன். அன்றைக்குத் தகடு மாதிரி இருந்தது. ஏற்காட்டில் அத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஆடி மழைக்குள் அட்டை வில்லாக வளைந்துவிட்டது. ஐப்பசியில் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. கழற்றப் பார்த்தபோது காகிதம் இரண்டு ஏடாகப் பிரிந்து, படமிருந்த மேல்தோல் மட்டும் சுருண்டு கையோடு வந்தது. அந்தப் படத்தின் ஃபைல் என்னிடம் இருந்தது, வேறு பிரிண்ட் போட்டுக்கொண்டேன். ஆனால் அதே வாரத்தில் அதே பசையால் அத்தையின் கல்யாணப் படத்தையும் ஒட்டிக் கொடுத்திருந்தேன். அதற்கு நெகட்டிவ் கிடையாது.

வெட்ட வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

லேபில் பிரிண்ட் கொடுக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. ஓரம் வரை படம் நிறைந்திருக்கும் பிரிண்டைவிட, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்ட பிரிண்ட் ஆயிரம் மடங்கு வசதி. 12க்கு 18 தாளின் நடுவில் 8க்கு 12 படத்தை வைத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் சுற்றிலும் ஓர் அங்குல வெள்ளையை விட்டு, தாளை 10க்கு 14 ஆக நறுக்கிக்கொள்ளலாம். கை பழகாத நாளில் கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளையில்தான் விலகும். அந்த ஓரத்தைச் சாளர அட்டை, அதாவது படம் தெரிய நடுவில் திறப்பு வெட்டிப் படத்தின் மேல் வைக்கும் அட்டை, மூடிவிடும். பின்னால் படத்தைப் பிடித்து நிறுத்தவும் அந்த வெள்ளைதான் கைகொடுக்கும். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் ஒரு நாள் முழுக்க ஆறவிட்டபிறகு கைவையுங்கள்.

வீட்டுப் பழைய படங்களை வெட்டவே வெட்டாதீர்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோ பிரிண்டுகளில் ஓரம் நெளிநெளியாக வெட்டியிருக்கும். அந்த நெளிவும் படத்தின் வயதைச் சொல்லும் விஷயம்தான். அதை நேராக்கக் கூடாது.

ஸ்கேல்

பலரும் முதலில் கட்டர் வாங்குவார்கள். நான் ஸ்கேலை முதலில் வாங்கச் சொல்வேன், அதுவும் 24 அங்குல ஸ்டீல் ஸ்கேல். வெட்டும் நீளத்தைவிட ஸ்கேல் இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு அங்குலமாவது வெளியே நீண்டிருந்தால்தான் தொடக்கத்திலும் முடிவிலும் கத்தி தடுமாறாது. 12 அங்குல ஸ்கேலை வைத்து 14 அங்குலத் தாளை வெட்ட நடுவில் நகர்த்தினால், அந்த இடத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு விழும். கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி கடித்துவிடும். அலுமினியமும் நாளாவட்டத்தில் சீவப்பட்டுவிடும். இரும்பாலை இருக்கும் ஊரில் நல்ல எஃகு ஸ்கேலுக்குப் பஞ்சமில்லை, ஸ்டேஷனரி கடையில் இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் கேளுங்கள்.

கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். இரண்டு ஸ்கேலை விளிம்போடு விளிம்பு சேர்த்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் இரண்டில் ஒன்று வளைந்திருக்கிறது. எது என்று தெரிய வீட்டில் இன்னொரு சோதனை: கூரான பென்சிலால் ஒரு நீளக் கோடு போடுங்கள். ஸ்கேலைப் புரட்டிப்போட்டு, அதே விளிம்பை அதே கோட்டுக்கு மறுபக்கத்திலிருந்து வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாகப் படிந்தால் விளிம்பு நேர். நடுவில் பிறை மாதிரி இடைவெளி வந்தால் அந்த ஸ்கேல் அளக்க மட்டும் ஆகும், வெட்ட ஆகாது.

தச்சரின் மூலைமட்டத்தையும் இதே மாதிரி புரட்டிப்போட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஒரு மூலைமட்டம் கட்டாயம் வேண்டும். நான்கு மூலையும் கண்மட்டத்துக்குச் சரியாகத் தெரிந்தாலும் சட்டத்துக்குள் வைத்தவுடன் கோணல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கேலின் அடியில் மருந்துக் கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியை இரண்டு வரிசை ஒட்டுங்கள், வழுக்காது. பிரிண்டின் மேல் ஸ்கேலை வைக்கும்போது நடுவில் ஒரு சுத்தமான வெள்ளைத்தாள் கொடுங்கள், கீறல் விழாது.

கட்டர், பிளேடு, மேட்

இரண்டு கட்டர் போதும். காகிதத்துக்கு 9 மில்லிமீட்டர் பிளேடு, அட்டைக்கு 18 மில்லிமீட்டர். பிளேடு வெளியே நீட்டியிருக்கும்போது ஆடக் கூடாது. கடையில் பிளேடை ஒரு கண்ணி (மழுங்கினால் ஒடித்துப்போடக் கோடு போட்டிருக்கும் ஒரு துண்டு) வெளியே தள்ளி, கட்டர் முனையைக் கட்டையில் வைத்து இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பூட்டும் திருகு உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

கட்டரைவிட பிளேடுக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். சட்டம் போடும் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் சில நாள் உட்கார்ந்து வேலை பார்த்தேன். முதல் நாள் நான் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "தம்பி, பிளேடை ஒடைங்க" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சத்தம் கேக்குதுங்களே" என்றார். அன்றிலிருந்து எனக்கும் காது பழகிவிட்டது. புது முனை காகிதத்தில் ஒரே சீராகச் சர்ரென்று போகும். மழுங்கியது கரகரக்கும். கரகரத்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், வெட்டிய ஓரத்தில் பஞ்சு மாதிரி நார் நீட்டிக்கொண்டிருக்கும். பளபளப்புப் பிரிண்ட் என்றால் ஓரத்தில் மேல்பூச்சு வெள்ளையாகப் பெயர்ந்திருக்கும். நான் ஓர் அட்டைக்கு ஒரு முனை என்று கணக்கு வைத்திருக்கிறேன். ஒடித்த துண்டுகளைப் பழைய பால்பவுடர் டப்பாவில் மூடியில் கீறல் போட்டுச் சேருங்கள். குப்பைக்காரர் கையைக் கிழிக்கக் கூடாது.

வெட்டும் முறை இது. எழுந்து நின்று வெட்டுங்கள். ஸ்கேல் படத்தின் பக்கம் இருக்கட்டும், கழிவுப் பக்கம் வெளியே இருக்கட்டும். கத்தி தப்பினால் கழிவில்தான் தப்பும். இடது கை விரல்களை அகல விரித்து, ஸ்கேல் விளிம்பிலிருந்து தள்ளி ஊன்றுங்கள். பிளேடைச் செங்குத்தாக ஊன்றாமல், கட்டரின் பிடியை உங்கள் பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். முதல் இழுப்பில் அழுத்தவே வேண்டாம், ஒரு தடம் விழுந்தால் போதும். இரண்டாவதில் காகிதம் அறுபடும். மூன்றாவது, விட்டுப்போன நாருக்காக. அட்டைக்கு ஐந்தாறு இழுப்பு ஆகட்டும், அவசரமில்லை. ஒரே அழுத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் விரலை வெட்டிக்கொள்கிறார்கள்.

அடியில் கட்டிங் மேட் வேண்டும். ஏ3 அளவு சிறியது, ஏ2 வாங்குங்கள். சேலத்து வெயிலில் காருக்குள்ளோ மொட்டைமாடிக் கதவோரமோ வைத்துவிட்டால் அது நெளிந்துவிடும், பிறகு தட்டையாக வராது. கண்ணாடியை அடியில் வைத்து வெட்டலாம், வெட்டு சுத்தமாகத்தான் வரும், ஆனால் பிளேடு ஐந்தே நிமிடத்தில் போய்விடும்.

டிரிம்மர் வேண்டுமா?

மாதத்துக்கு நாலு படம் செய்பவருக்கு வேண்டாம். ஐம்பது, நூறு பிரிண்ட் ஒரே அளவில் நறுக்க வேண்டியிருந்தால், தண்டவாளத்தில் ஓடும் உருளைக் கத்தி உள்ள ரோட்டரி டிரிம்மர் வாங்கலாம். அதில் பிரிண்டை அமுக்கிப் பிடிக்கும் பட்டை இருக்க வேண்டும், 18 அங்குலமாவது வெட்ட வேண்டும். கைப்பிடியை மேலிருந்து கீழே இறக்கும் கில்லட்டின் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கத்தி இறங்க இறங்க தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கடைசி மூலை கோணலாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது இருப்பதே பயம். பைண்டிங் கடையின் பெரிய மெஷினில் கட்டாக வைத்து வெட்டித் தருவார்கள், சரிதான். ஆனால் அமுக்கும் பலகையின் தடம் மேல் பிரிண்டில் பதியும். மேலும் கீழும் வேண்டாத அட்டை வைத்துக் கொடுங்கள்.

அட்டை

அட்டையும் கருவிதான் என்று நினைத்துத் தேர்ந்தெடுங்கள். செய்தித்தாளை ஜன்னலில் ஒரு மாதம் போட்டால் மஞ்சளாகிறதல்லவா, அதே வேலையைத்தான் மில் போர்டும் அட்டைப்பெட்டி அட்டையும் உங்கள் படத்தின் முதுகில் செய்கின்றன. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து உண்டாகும் அமிலம் மெல்ல மெல்லப் படத்துக்கு ஏறும். எனவே அமிலமில்லாத மவுண்ட் போர்டு கேளுங்கள். ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் போதும். சாளரத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என ஒரு படத்துக்கு இரண்டு துண்டு.

ஃபிளெக்ஸ் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு பி.வி.சி. வகை. இரண்டு நாள் கண்காட்சிக்கும் கடைவாசல் படத்துக்கும் அருமையாக இருக்கும். பேரன் பார்க்க வேண்டிய படத்துக்கு அது ஆகாது. சட்டத்தின் பின்புறம் ஹார்டுபோர்டோ பிளைவுட்டோதான் கிடைக்கிறது என்றால், அதற்கும் படத்தின் முதுகு அட்டைக்கும் நடுவில் அமிலமில்லாத தாள் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

சாளரம் வெட்டுதல்

45 பாகைச் சரிவில் வெட்டும் கைக்கட்டர், மேட் கட்டர் என்று கேட்டால் கிடைக்கும் (இங்கே மேட் என்பது சாளர அட்டை, அடியில் விரிக்கும் கட்டிங் மேட் அல்ல). புதிதாகத் தொடங்குபவர் ஸ்கேலோடு சேர்ந்து ஓடும் தடம் உள்ளதாக வாங்குவது நல்லது. வெறும் கைக்கட்டர் மலிவுதான், ஆனால் நேராக ஓட்ட நிறைய அட்டை பாழாகும்.

கணக்கைத் தச்சர் பாஷையில் சொல்கிறேன், எட்டு நூல் ஓர் அங்குலம். படம் 8க்கு 12. சாளரம் நான்கு பக்கமும் ஒரு நூல் உள்ளே வர வேண்டும், அதாவது 7¾க்கு 11¾. வெளி அட்டை 12க்கு 16. கழித்தால் இரண்டு திசையிலும் 4¼ அங்குலம் மிஞ்சும். இடமும் வலமும் 2 அங்குலம் 1 நூல். மேலே கீழே சமமாக விடாமல், மேலே 2 அங்குலம், கீழே 2 அங்குலம் 2 நூல் விடுங்கள். சமமாக விட்டால் படம் கீழே வழுக்கி விழுவது போலத் தோன்றும். எனக்குக் கண் இப்படித்தான் ஒப்புக்கொள்கிறது.

அட்டையின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, பின்பக்கமாகவே வெட்ட வேண்டும். அடியில் கழிவு அட்டை ஒன்றை வையுங்கள். பிளேடு மவுண்ட் போர்டைத் தாண்டி அந்தக் கழிவில் லேசாகக் கீறும் அளவுக்கு மட்டும் நீட்டியிருக்கட்டும். கூடுதலாக நீட்டினால் பிளேடு வளையும், மூலையில் வெட்டு கொக்கி மாதிரி திரும்பும். ஒவ்வொரு வெட்டையும் மூலைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் தொடங்கி, ஒரு மயிரிழை தாண்டி முடியுங்கள். நான்கும் முடிந்ததும் நடுத்துண்டு தானாக விழ வேண்டும். விழவில்லையென்றால் இழுக்காதீர்கள். மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இழையைச் சவரப் பிளேடை அதே சரிவில் நுழைத்து அறுத்துவிடுங்கள். இழுத்தால் மூலைத்தோல் பிய்ந்து வரும், அந்த அட்டை போயிற்று. முதல் பத்து சாளரத்தை மலிவு அட்டையில் வெட்டிப் பழகுங்கள்.

பிடித்து நிறுத்துதல்

எதை எடுத்தாலும் ஒட்டத் தோன்றும் கையை இங்கேதான் அடக்க வேண்டும். படத்தின் முதுகில் பசை படாமலே அதை நிறுத்தலாம், பழைய ஆல்பங்களில் இருந்த முக்கோண மூலைகளைப் போல. கடையில் தேட வேண்டாம், நாமே செய்யலாம். அமிலமில்லாத தாளில் 2 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு முனையையும் கீழே மடித்தால் முக்கோணப் பை வரும். பிரிண்டின் நான்கு வெள்ளை மூலையையும் அதில் செருகி, முதுகு அட்டையில் சரியான இடத்தில் வையுங்கள். பையை மட்டும் டேப்பால் அட்டையோடு ஒட்டுங்கள், டேப் பிரிண்டைத் தொடக் கூடாது. பைக்குள் பிரிண்ட் இறுக்கமாக உட்காரக் கூடாது, விசிட்டிங் கார்டு கனத்துக்கு அசைய வேண்டும். ஏற்காட்டு மழையில் காகிதம் விரிய அந்த இடம்தான் உதவும்.

வெள்ளை ஓரமில்லாத பிரிண்ட் என்றால் இந்த மூலைகள் சாளரத்துக்குள் தெரியும். அப்போது கெட்டித்தாளை நீளமாக மடித்துக் குறுகலான வாய்க்கால் மாதிரி செய்து, பிரிண்டின் விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கவ்வும்படி வைக்கலாம்.

பருத்திக் காகிதப் பிரிண்டுகளையும் பிளாஸ்டிக் பூச்சில்லாத பழைய ஃபைபர் பிரிண்டுகளையும் மேல்விளிம்பில் இரண்டு சின்னக் கீல் வைத்துத் தொங்கவிடுவது வழக்கம். அந்தக் கீலுக்கு மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுவார்கள். தண்ணீர் தொட்டால் திரும்பக் கழன்று வரும் என்பதுதான் அதன் சிறப்பு. மைதாவைக் காய்ச்சிவிட்டு அதே பசைதான் என்று நினைத்துவிடாதீர்கள், இது பசையம் நீக்கிய மாவுச்சத்து. பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர்கள் இருக்கும் ஊரில் கஞ்சிப் பதம் யாருக்கும் புதிதில்லை. அதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, மிகக் குறைவாகத் தடவினால் போதும். அதிகமானால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது போல. மயில்துத்தம் கலந்த போஸ்டர் பசை படத்தின் பக்கமே வரக் கூடாது. லேபில் வரும் சாதாரண கலர் பிரிண்டின் முதுகு பிளாஸ்டிக் பூச்சு உள்ளது, கஞ்சி அதில் சரியாகப் பிடிக்காது. அதற்கு மூலைகள்தான்.

டபுள் சைடு டேப்பைச் சாளர அட்டையையும் முதுகு அட்டையையும் மேல்விளிம்பில் சேர்க்க மட்டும் வையுங்கள். ரப்பர் சொல்யூஷன் மஞ்சளாகி ஊறும். ஸ்ப்ரே பசை திட்டுத்திட்டாக விழும், மூடிய அறையில் மூச்சுக்கும் கெடுதல்.

சூட்டில் ஒட்டும் டிரை மவுண்ட் முறையைப் பற்றிக் கேட்பார்கள். படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஒட்டுத்தாள் வைத்து, சுமார் 80 முதல் 95 பாகை செல்சியஸில் பிரஸ்ஸில் அழுத்துவது. கண்ணாடி மாதிரி தட்டையாக வரும், அழகில் குறையில்லை. ஆனால் கழற்ற முடியாது, பிளாஸ்டிக் பூச்சுக் காகிதம் சூடு கூடினால் கெட்டுவிடும். இஸ்திரிப் பெட்டியில் செய்து பார்க்காதீர்கள், சூடு ஒரே சீராக இருக்காது. இன்னொரு பிரிண்ட் போட முடிகிற படத்துக்கு மட்டும், அதற்கென்று பிரஸ் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

வாங்கும் வரிசை

முதல் மாதம் ஸ்கேல், மூலைமட்டம், 9 மில்லிமீட்டர் கட்டர், பிளேடு இரண்டு பாக்கெட், மேட். இதோடு கடையில் வெட்டிய சாளர அட்டை வாங்கியே இரண்டு மூன்று படம் முடித்துவிடலாம். அது பிடித்திருந்தால் அடுத்து 18 மில்லிமீட்டர் கட்டரும் மேட் கட்டரும். பருத்திக் கையுறை ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும், சேலத்தில் வேர்க்கும் கைக்கு அது மிகவும் அவசியம்.

சட்டத்துக்குள் வைக்கும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. சாளர அட்டையின் கனம்தான் அந்த இடைவெளி. ஈரத்தில் பிரிண்டின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. காற்றின் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை வரும், மலைமேல் அது சாதாரணம். சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று போகவிடுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரும், மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம். ஏற்காட்டு வீடு என்றால் கார்த்திகை பிறந்ததும் ஒருமுறை கழற்றி முதுகைப் பாருங்கள். அட்டையின் கீழோரத்தில் ஈரக்கோடு தெரிந்தால் படத்தை வேறு சுவருக்கு மாற்றிவிட்டு, அட்டையை நிழலில் உலர்த்தி, மூலைப் பைகளைப் புதிதாக மடித்துப் போடுங்கள்.